டீசலம்மாவும் இழுக்காத வண்டியும்

டீசலம்மா என்று அவளுக்குப் பெயர் வைத்தது யாரென்று டிப்போவில் ஒருவருக்கும் தெரியாது. வைத்த புண்ணியவான் சரியாகத்தான் வைத்திருக்கிறார். பஸ் டிப்போவின் பம்ப் ரூமில் வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் ஓய்வு பெறும்வரை அவள் கையை விட்டு டீசல் வாசனை போனதில்லை. சோப்புப் போட்டுத் தேய்ப்பாள், எலுமிச்சைத் தோலால் தேய்ப்பாள். சாப்பிட உட்கார்ந்தால் சாப்பாட்டுக்கு முன்னால் டீசல்தான் மூக்கில் ஏறும். கல்யாணமான புதிதில் வீட்டுக்காரர், "நீ பக்கத்துல வந்தா டிப்போவே எழுந்து வந்த மாதிரி இருக்கு" என்பார். அவரும் அங்கேயே பஸ் டிரைவர். அவர் சட்டையில் மட்டும் என்ன சந்தனமா மணத்தது? இருந்தாலும் அந்தக் கேலி அவளுக்குப் பிடிக்கும்.

இன்ஜினுக்கு டீசலை அளந்து ஊட்டும் பம்பைக் கழற்றி, கழுவி, சரிபார்த்து மாட்டுவது அவள் வேலை. அதில் அவள் கெட்டிக்காரி. வண்டி இழுக்கவில்லை என்று எந்த டிரைவர் வந்து நின்றாலும் முதலில் புகையைத்தான் விசாரிப்பாள். கருப்பாகக் கக்கினால் காற்றுப் போதவில்லை. புகையே இல்லாமல் மூச்சு அடங்கினால் டீசல் போதவில்லை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆனால் டிப்போ என்றால் எல்லா மாதிரியும் இருப்பார்கள் இல்லையா. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவர், மலைப்பாதை டூட்டி என்றாலே நழுவப் பார்க்கிறவர், யாருக்கோ பெண் பார்க்கப் போக வேண்டியவர், இவர்களெல்லாம் காலையில் வந்து, "புல்லிங் இல்லீங்க" என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்வார்கள். வண்டியில் ஒரு கோளாறும் இருக்காது. இதற்கு டிப்போவில் ஒரு வழி வைத்திருந்தார்கள். புகார் சொன்ன டிரைவரைச் சீட்டை விட்டு எழுப்பிப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஃபிட்டரே மேட்டில் ஓட்டிப் பார்ப்பார். வண்டி இழுத்துவிட்டால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். திட்டு கிடையாது, மேலே போய்ச் சொல்வது கிடையாது. ஃபிட்டர் இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டு போவார். டிரைவர் தன் சீட்டில் ஏறி டூட்டிக்குப் போவார். டீசலம்மாவே அப்படி எத்தனையோ பேரை எழுப்பியிருக்கிறாள். எழுந்திரிக்கச் சொல்லும்போதே சிலருக்கு முகம் தொங்கிவிடும்.

வீட்டுக்காரர் அந்த ரகம் இல்லை. கொடுத்த டூட்டியைத் தலையாட்டி வாங்கிக்கொண்டு போகிறவர். தலையாட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரன் ஏணி கேட்டாலும் சரி, கல்யாணத்துக்கு வண்டி ஓட்டித் தரக் கேட்டாலும் சரி, "அதுக்கென்ன, செஞ்சிரலாம்" என்பார். பாதியை மறந்துவிடுவார், அது வேறு விஷயம். முடியாது என்ற சொல் மட்டும் அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. தங்கமான மனுஷன் என்று தெருவே சொல்லும். தங்கம்தான், நான் மறுக்கவில்லை. அந்தத் தங்கம்தான் கடைசியில் அவள் கழுத்தை அறுத்தது.

இருவரும் ஓய்வு பெற்றதும் ஒரு வீட்டு வண்டியை வாங்கினார்கள். யாரோ ஒரு தம்பதி பழைய மினி பஸ் ஒன்றை வீடாக்கி ஊர் சுற்றிவிட்டு, சுற்றி அலுத்துப்போய் விற்றார்கள். உள்ளே ஒரு கட்டில், ஒற்றை அடுப்பு, முகம் கழுவ ஒரு தொட்டி, சுவரோடு மடக்கி வைக்கிற மேஜை. இன்ஜின் பின்பக்கம், கட்டிலுக்கு அடியில். டீசல் டேங்க் முன்பக்கம். டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாயில் ஒரு பித்தளைத் திருகு இருந்தது. அதைத் திருப்பினால் டீசல் அடைபடும். திருட்டுப் பயத்தில் பழைய சொந்தக்காரர் வைத்தது. டிரைவர் சீட்டுக்கு அடியில், மிதியடியைத் தூக்கினால் இடது கைக்கு எட்டும். வண்டியை நிறுத்தினால் மூடுவதும் எடுத்தால் திறப்பதும் வீட்டுக்காரர் வழக்கம்.

தெரு குறுகலானது. வண்டியின் மூக்கு பாதித் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும். "எல்லாரும் வீட்டுக்குள்ள வண்டிய நிறுத்துவாங்க, இவங்க வண்டிக்குள்ள வீட்ட நிறுத்திட்டாங்க" என்று எதிர்வீட்டுக்காரி சொல்லாத நாளில்லை. டீசலம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடலோரமாக ஒரு சுற்று போய் வந்தார்கள். வண்டி சமத்தாக ஓடியது. அலைச் சத்தத்தில் காபி போட்டுக் குடித்தபோது, இத்தனை வருஷம் டீசலில் கிடந்ததற்கு இது போதும் என்று அவளுக்கு இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அக்கா விழுந்தாள்.

அக்கா மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். கடைக்குப் பின்னாலேயே ஓர் அறை, அதுதான் வீடு. அம்மா போனபிறகு டீசலம்மாவை வளர்த்தது அவள்தான். பெட்டியைத் தேய்த்துத் தேய்த்துத் தங்கையைத் தொழிற்பள்ளியில் படிக்க வைத்தாள். இந்த வயதிலும் டீசலம்மா அவளுக்குப் பாப்பாதான். ரோஷக்காரி. ஒரு வீட்டில் ஒருத்தர் முகம் சுளித்தால் அங்கே பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டாள். புருஷன் செத்தபிறகு நாத்தனார் ஒரே ஒரு முறை முகம் சுளித்தாள் என்று புகுந்த வீட்டை விட்டுப் பையோடு இறங்கி வந்தவள். அப்படிப்பட்டவள் ஈரத்தரையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். எலும்பு கோணலாகக் கூடியது. படுக்கலாம், உட்கார முடியாது. இந்த லட்சணத்தில் சலவைக்கடையையும் விற்றுவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஆதரவற்றவர்களுக்கான இல்லம்தான் கதி.

செய்தி வந்தபோது டீசலம்மா அழுதுகொண்டே, ஆம்புலன்ஸுக்குச் சொல்லலாமா என்று கேட்டாள். வீட்டுக்காரர்தான், "ஆம்புலன்ஸ் எதுக்கு? நம்ம வண்டியில கட்டில் இருக்கு. படுக்க வச்சு அலுங்காம கூட்டிட்டு வந்துரலாம். முன் ரூம்ல இருந்துக்கட்டும்" என்றார். இதை அவராகத்தான் சொன்னார். யாரும் அவர் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டதற்கு என்ன தவம் செய்தேனோ என்று அன்றைக்கு அவள் நினைத்தாள்.

முதல் தடவை கிளம்பியபோது அவள் பின்னால் கட்டிலில் படுத்துக்கொண்டாள். தூக்கத்துக்கு இல்லை. வளைவில் அக்கா உருண்டுவிடுவாளா, எங்கே தலையணை வைக்க வேண்டும், எங்கே பட்டை கட்ட வேண்டும் என்று தானே அக்காவாகப் படுத்துப் பார்த்தாள். மலை ஏறத் தொடங்கிக் கொஞ்ச நேரம் வண்டி நன்றாக இழுத்தது. தண்ணீர்த் தொட்டி வளைவு வந்தது. கட்டிலுக்கு அடியில் இன்ஜின் மூச்சுத் திணறுவது அவள் முதுகுக்குத் தெரிந்தது. அவர் கியரைக் குறைத்தார், மறுபடி குறைத்தார். வண்டி நடை பழகுகிற வேகத்துக்கு வந்து நின்றுவிட்டது.

"போச்சு" என்றார்.

அவள் இறங்கிப் புகைக்குழாயைப் பார்த்தாள். கருப்பு இல்லை. அப்படியானால் டீசல் போதவில்லை. குழாயில் புகுந்த காற்றை எடுத்துவிட்டாள். இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டு நன்றாகவே ஓடியது.

"இப்ப போலாங்க."

"மேல ஆளே இல்லாத ரோடும்மா. நடுவுல நின்னுட்டா என்ன பண்றது? வேணாம், திரும்பிரலாம்."

அவர் முகம் அவ்வளவு வாடியிருந்தது. தன் அக்காவுக்காக வாடியிருக்கிறார் என்று எண்ணி அவள் மனம் உருகிப்போய், "விடுங்க, உங்க தப்பா இது" என்று தேற்றினாள். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

வீட்டுக்கு வந்து டீசல் ஃபில்டரை மாற்றினாள். கையோடு காற்று ஃபில்டரையும் மாற்றினாள். அடுத்த தடவை, அதே தண்ணீர்த் தொட்டி, அதே திணறல். இம்முறை அவள் கட்டில் பலகையைத் தூக்கி வைத்துவிட்டு இன்ஜினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். காதைப் பம்பின்மேல் வைக்காத குறை. பம்ப் வெறும் வயிற்றோடு கத்தியது. மறுபடி திரும்பினார்கள். டேங்கைக் கழற்றி இறக்கி, டீசலை வடித்து, உள்ளே கைவிட்டுத் துழாவினாள். குப்பை ஏதாவது உறிஞ்சுகுழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்கிறதா என்ற சந்தேகம். இன்ஜின் நின்றதும் குப்பை உதிர்ந்துவிடும், மறுபடி வண்டி நன்றாக ஓடும். டிப்போவில் அப்படி ஒரு வண்டி அவளை அழ வைத்திருக்கிறது. டேங்க் துடைத்த பாத்திரம்போல் சுத்தமாக இருந்தது.

ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து அக்காவுக்குப் போன் செய்வாள். "வண்டி இழுக்கலக்கா, பாத்துட்டிருக்கேன்." முதல் தடவை அக்கா, "ஐயோ, நீ பத்திரமா வந்து சேந்தியா" என்று கேட்டாள். இரண்டாம் தடவை, "சரி பாப்பா, உன்னால எப்ப முடியுதோ அப்ப வா" என்றாள். மூன்றாம் தடவை, "நீ ஒண்ணும் சிரமப்படாத" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அக்காவின் குரல் ஒரு மாதிரி இருந்தது. வலி அதிகமாகிவிட்டது போலிருக்கிறது என்று டீசலம்மா இன்னும் பதறினாள்.

அந்த மூன்றாம் பயணத்தில் அவள் ஒரு வேலை செய்திருந்தாள். பம்புக்குச் சற்று முன்னால், குழாயின் ஒரு துண்டை எடுத்துவிட்டு, உள்ளே தெரிகிற மெல்லிய பிளாஸ்டிக் குழாயை மாட்டினாள். தண்ணீர்த் தொட்டி வளைவு வந்ததும் அந்தக் குழாய் அவள் கண் முன்னாலேயே உறிஞ்சப்பட்டுத் தட்டையாக ஒட்டிப்போனது. அதாவது, பம்ப் இழுக்கிறது, டேங்கிலிருந்து டீசல் வரவில்லை. அடைப்பு டேங்குக்கும் இந்தக் குழாய்க்கும் நடுவில் இருக்கிறது. வண்டி நின்றது. அவள் எழுந்து இறங்குவதற்குள் குழாய் மறுபடி உப்பி டீசல் வந்துவிட்டது.

வீட்டில் அந்த நடுக்குழாயை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். காற்றை ஊதினால் மறுமுனையில் சீறிக்கொண்டு வந்தது. கடைசியில் பித்தளைத் திருகையும் கழற்றி மேஜையில் வைத்துப் பிரித்தாள். உள்ளே ஒரு தூசு இல்லை. சொன்னபடி திறந்தது, சொன்னபடி மூடியது. தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தும் குற்றவாளி அகப்படவில்லை. மாதமோ முடியப்போகிறது.

மறுநாள் டயர் வந்தார். டயர் என்பது டிப்போவின் டயர் பிரிவில் இன்னும் வேலையில் இருக்கிற பழைய சகா. வேலையை வைத்து வந்த பெயர் என்று அவர் சொல்வார், தொப்பையை வைத்து வந்தது என்று மற்றவர்கள் சொல்வார்கள். பம்பின் அழுத்தம் பார்க்கிற மீட்டர் ஒன்றை அவளுக்காக டிப்போவில் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். வீட்டுக்காரர் கடைக்குப் போயிருந்தார். டீசலம்மா ஆதியோடு அந்தமாக எல்லாவற்றையும் சொன்னாள்.

"வீட்டுல ஓடுது?"

"ஜம்முனு ஓடுது."

"கடற்கரைக்குப் போனப்போ?"

"ஒரு தும்மல் இல்ல."

"டேங்க்ல ஒண்ணுமில்ல, பம்புல ஒண்ணுமில்ல, நடுவுலயும் ஒண்ணுமில்ல. உங்க அக்கா ஊருக்குப் போறப்ப மட்டும் வண்டிக்கு வயித்துவலி வருது." டயர் தொப்பை குலுங்கச் சிரித்தார். "டிரைவர மாத்திப் பாத்தீங்களாம்மா?"

டீசலம்மாவும் சிரித்தாள். டிப்போ ஜோக் அது. யார் எந்தக் கோளாறைச் சொன்னாலும் கடைசியில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிச் சிரிப்பது வழக்கம். பாதிச் சிரிப்பில் அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. டயரும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "சும்மா சொன்னேம்மா, நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க" என்று மீட்டரை மேஜையில் வைத்துவிட்டு, கொடுத்த காபியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஊரான் வீட்டுப் புருஷன் சீட்டில் இருந்திருந்தால் முதல் நாளே எழுப்பியிருப்பாள். இவரை எழுப்ப அவளுக்குத் தோன்றவேயில்லை. மூன்று தடவையும் தான் வண்டிக்குப் பின்னாலேயே இருந்ததும், திரும்பிவிடலாம் என்று முதலில் சொன்னது அவர்தான் என்பதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. சீ, என்ன புத்தி இது, தங்கமான மனுஷனைப் போய் இப்படி நினைக்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அவர் கடையிலிருந்து வந்து, அவளுக்குப் பிடிக்கும் என்று வாங்கி வந்த பிஸ்கட்டை எடுத்து நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். சாப்பிட முடியவில்லை.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில் நான்காவது தடவையாகக் கிளம்பினார்கள். மலையடிவாரத்தில் ஒரு பெட்ரோல் பங்க்கும் டீக்கடையும் உண்டு. டீசல் போட்டபிறகு வீட்டுக்காரர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அவள் பின்னால் போகவில்லை. டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு நின்றாள்.

"எழுந்திரிங்க. நான் ஓட்டிப் பாக்கறேன்."

முப்பது வருஷம் டிப்போவில் இருந்தவர். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த கை அப்படியே இருந்தது.

"உனக்கு முட்டிவலிம்மா. கிளட்ச எப்படி மிதிப்ப?"

"மிதிப்பேன்."

"மழை வர்ற மாதிரி இருக்கு. நாளைக்குப் பாக்கலாமா?"

அவள் கதவைப் பிடித்தபடியே நின்றாள். அவர் மெல்ல எழுந்து பக்கத்துச் சீட்டுக்கு நகர்ந்தார். அவள் ஏறி உட்கார்ந்து மிதியடியைத் தூக்கிப் பித்தளைத் திருகைப் பார்த்தாள். முழுதாகத் திறந்திருந்தது. மிதியடியைப் போட்டு மூடிவிட்டு வண்டியை எடுத்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். வாழ்நாள் முழுக்க இழுக்காத இன்ஜினை இழுக்க வைத்தவள் அவள். அன்றைக்கு மலை ஏறும்போது, இழுக்காதே, தாயே, இழுக்காதே என்று அந்த இன்ஜினை வேண்டிக்கொண்டே போனாள். எங்கேயாவது ஒரு குப்பை இருக்கட்டும். எங்கேயாவது ஒரு ஓட்டை இருக்கட்டும். தன் கண்ணுக்குத் தப்பிய ஏதோ ஒன்று, தான் தோற்றுப்போன ஏதோ ஒன்று இருந்துவிடட்டும். டயர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கட்டும். தண்ணீர்த் தொட்டி வளைவில் மட்டும் இது நின்றுவிட்டால் இறங்கி அதன் முகப்பில் முத்தம் கொடுப்பாள்.

தண்ணீர்த் தொட்டி வளைவு வந்தது. அவள் மிதித்தாள். வண்டி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வளைவும் போனது, அதற்கடுத்ததும் போனது. இன்ஜின் வயிறு நிறைந்து பாடிக்கொண்டு ஏறியது. அவ்வளவு அழகான இழுவை. அவளுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு கியரை மாற்றினாள். பக்கத்தில் அவர் தன் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உச்சியில் வண்டிகள் நிற்க ஓர் அகலமான இடம் இருக்கிறது. அங்கே நிறுத்தினாள். டிப்போவாக இருந்தால் இந்த இடத்தில் ஃபிட்டர் இறங்கிக் கையைத் துடைப்பார், டிரைவர் சீட்டுக்குத் திரும்புவார். அவர் அதற்காகவோ என்னவோ கதவின் கைப்பிடியைத் தொட்டார். அவள் நகரவில்லை. கைப்பிடியை விட்டுவிட்டார்.

"அந்தத் திருகப் பாதிதான் மூடுவேன்" என்றார். "இன்ஜினுக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாதுன்னு பாதிதான் மூடுவேன்."

என்ன கரிசனம் பாருங்கள், இன்ஜினுக்கு ஒன்றும் ஆகக்கூடாதாம்.

"ஏன்?" என்றாள்.

"எங்கம்மா அந்த முன் ரூம்ல எத்தன வருஷம் கிடந்தாங்க, உனக்குத் தெரியும். நான் நைட் டூட்டி பாத்துட்டுப் பகல்ல வீட்ல இருப்பேன், நீ டூட்டிக்குப் போயிருவ. துடைச்சது, புரட்டிப் போட்டது, கத்தினா எழுந்து ஓடினது எல்லாம் நான். அவங்க போனப்போ எனக்கு அழுகையே வரல. நிம்மதியா இருந்துச்சு. அந்த ரூமத் தாண்டிப் போறப்போ இப்பவும் அந்த வாடை அடிக்குது எனக்கு. மறுபடியும் முடியாதும்மா. என்னால முடியாது."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் முடியாது என்று சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இத முதல் நாளே சொல்லியிருந்தா நான் வேற வழி பாத்திருக்க மாட்டேனா? ஒரு ஆளப் போட்டிருப்பேன். அவ பக்கத்துலயே ஒரு ரூம் எடுத்திருப்பேன். இவ்வளவுதானேங்க. ஒரு வார்த்த."

"நீ அழுதுட்டிருந்த. உன் மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது?"

"மூணு தடவ என் மூஞ்சியப் பாத்துட்டே திருகுனீங்களே. நான் உங்களத் தேத்தினேன். டேங்குக்குள்ள கைய விட்டுக் குப்பை தேடிட்டிருந்தேன், நீங்க பக்கத்துல நின்னு டார்ச் அடிச்சீங்க."

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "இன்னொண்ணும் இருக்கு" என்றார். அவளுக்கு அதற்குமேல் கேட்கத் தெம்பில்லை. இன்ஜினைக் கிளப்பிவிட்டாள்.

சலவைக்கடை பூட்டிக் கிடந்தது. பெயர்ப்பலகையை இறக்கிவிட்டிருந்தார்கள். பின்பக்கமாகப் போனார்கள். அறையில் இன்னும் கஞ்சியும் சூடான துணியும் கலந்த வாசனை. ஜன்னலோரம் இரும்புக் கட்டிலில் அக்கா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். தங்கையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, உடனே ஏதோ நினைவு வந்ததுபோல் அடங்கிவிட்டது. டீசலம்மா அறையைச் சுற்றிப் பார்த்தாள். மாற்றுத் துணி ஒரு சின்னப் பையில் இருந்தது. மற்ற சாமான்களை யார் யாருக்கோ கொடுத்துவிட்டாள் போலிருக்கிறது, அலமாரி காலியாக இருந்தது.

"என்னக்கா, கிளம்பத் தயாரா இருக்கியா?"

"நாளைக்கு இல்லத்துலேருந்து வராங்க பாப்பா. நீ எதுக்கு இவ்வளவு தூரம் வந்த? போன்ல சொல்லிருந்தா போதாதா?"

"எந்த இல்லம்? நான் உன்னக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

அக்கா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். இஸ்திரிப் பெட்டி பிடித்துக் காய்த்த கை.

"பாப்பா, நான் ஒண்ணும் தப்பா நினைக்கல. மாப்பிள்ள போன் பண்ணி எல்லாம் சொன்னாரு. உனக்கும் வயசாச்சு, முட்டிவலி வேற, என்னத் தூக்கி இறக்க உன்னால ஆகாது. நேரா சொல்ல உனக்கு வாய் வரல, அதான் வண்டி இழுக்கல, வண்டி இழுக்கலன்னு சொல்லிட்டிருந்த. எனக்குப் புரியாதா? இல்லத்துல இடம்கூட அவர்தான் அலைஞ்சு பாத்துக் குடுத்தாரு. நீ என்கிட்ட நடிக்கவேண்டிய அவசியமே இல்லடி."

டீசலம்மா திரும்பிப் பார்த்தாள். அவர் வாசற்படியில், வண்டியிலிருந்து எடுத்துவந்த தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். திருகை மூடியதோடு அந்த மனுஷன் நிற்கவில்லை. கூட்டிவர இஷ்டமில்லாதது அவளுக்குத்தான் என்றும் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். வளர்த்தவள் இத்தனை நாளாக இந்தக் கட்டிலில் கிடந்து, நம் பாப்பாவுக்கே நாம் பாரமாகிவிட்டோம் என்று நினைத்திருக்கிறாள். டீசலம்மா அவரை விட்டு அக்கா பக்கம் திரும்பினாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். நான் இல்லை அக்கா, இதோ நிற்கிறாரே இவர்தான் என்று ஒரு விரலை நீட்டினால் போதும்.

சொன்னால் அக்கா வருவாளா? ஒரு நாத்தனார் முகம் சுளித்ததற்கு வீட்டை விட்டு இறங்கியவள். மாப்பிள்ளைக்கு இஷ்டமில்லை என்று தெரிந்தால் செத்தாலும் அந்த வாசலை மிதிக்க மாட்டாள். ஒடிந்த இடுப்போடு இல்லத்துக்குத் தவழ்ந்தாவது போய்விடுவாள்.

நீட்ட இருந்த விரலை அக்காவின் கைமேல் வைத்தாள்.

"ஆமாக்கா" என்றாள். "நான்தான் பயந்துட்டேன். என்னால முடியுமான்னு மலைப்பா இருந்துச்சு. அவர விட்டு உன்கிட்ட சொல்லச் சொன்னதும் நான்தான். வண்டி மேல பழியப் போட்டேன். இப்ப பயம் போயிருச்சு. உன்னப் பாத்துக்க ஒரு ஆளு போடலாம்னு இருக்கேன். வாக்கா. இல்லன்னு மட்டும் சொல்லாத."

"மாப்பிள்ளைக்கு?"

"அவரு முதல்லேருந்தே கூட்டிட்டு வரலாம்னுதான் சொல்லிட்டிருந்தாரு."

அக்காவின் கண்ணில் நீர் நிறைந்தது. வாசற்படியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்க நல்லா இருக்கணும் மாப்பிள்ள. சொந்தத் தங்கச்சியே தயங்கினா, நீங்க தயங்கல. இவளும் குழந்தைதான், மன்னிச்சிருங்க." பிறகு தங்கையின் தலையைத் தடவினாள். "போகுது விடு. எனக்கு உன் மேல கோவமில்ல."

தான் செய்யாததற்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு டீசலம்மா அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். அவர் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால், அவர் பாதியாவது அவளுக்குத் திரும்பக் கிடைத்திருப்பார். அவர் முன்னால் வந்து தலையணையை அக்காவின் இடுப்புக்கு அடியில் கொடுத்துத் தூக்கினார். அம்மாவைத் தூக்கிப் பழகிய கை, வலிக்காமல் தூக்கியது. அக்கா அதற்கும் ஒருமுறை வாழ்த்தினாள்.

வண்டியின் கட்டிலில் அவளைப் படுக்க வைத்துப் பட்டையை மாட்டினார்கள். சாவியை அவர் தயங்கிக்கொண்டே கேட்டார். டீசலம்மா கொடுக்கவில்லை.

"வளைவுல அவ உருளாம பிடிச்சுக்கங்க" என்றாள். அவர் தலையாட்டிவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

அந்தப் பக்கத்து ஏற்றம் இன்னும் செங்குத்து. மழை பெய்து ஓய்ந்து தார் ரோடு பளபளத்தது. அவள் முட்டியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு கிளட்சை மிதித்தாள். முழுச் சுமையோடு, வளைவுக்கு வளைவு, இன்ஜின் ஒரு முணுமுணுப்பு இல்லாமல் ஏறியது. பின்னாலிருந்து அக்காவின் குரல், பழைய கண்டிப்போடு கேட்டது.

"எவ்வளவு நல்லா இழுக்குது. இந்த வண்டியப் போய்க் குத்தம் சொன்னியே பாப்பா."

கண்ணாடியில் அவர் தலையைக் குனிந்து அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"ஆமாக்கா" என்றாள் டீசலம்மா. அடுத்த வளைவு வந்தது, கியரைக் குறைத்தாள்.